இருபத்தேழு வேகத்தடைகள்

கேக்கின் மேல் கேக் உட்காருவதில்லை.
உட்கார்ந்ததுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.
கீழே உள்ளதன் வயிற்றுக்குள் குச்சிகள் நிற்கின்றன,
குச்சிகளின் தலையில் ஓர் அட்டை,
அட்டையின் மேல்தான் அடுத்தது.
ஒரு குச்சி அரிசியளவு கூடினாலும் போச்சு,
மேல்மாடி சாய்ந்துவிடும்.
எர்மெலிந்தா அறுப்பாள், நிறுத்திப் பார்ப்பாள்,
தேய்ப்பாள், மறுபடி நிறுத்துவாள்.

நான் எவோதியோ, வேன் ஓட்டுகிறவன்.
முன்பு ஜன்னல் கண்ணாடி ஏற்றினேன்.
கண்ணாடி தேவலை. உடைந்தால் உடைந்தது.
இது உடையாது, நகரும்.

சகத்லானிலிருந்து சான் மெலித்தோன் வரை மலைச்சாலை.
அங்கே யாரிட்சாவுக்குப் பதினைந்து நிறைகிறது,
ஐந்தடுக்கு கேட்டிருக்கிறாள்.
வழியெல்லாம் வேகத்தடை:
சில சிமெண்ட், சில தடித்த கயிறு,
ஒன்று யாரோ பாதி புதைத்த டயர்.

கீழ் மூன்றையும் சேர்த்தே ஏற்றினோம்.
பென்சில்போல் சீவிய ஒரு கழி
நடுவில் அடிப்பலகை வரை
சுத்தியலால் இறங்கியிருந்தது.
மேலிரண்டும் தனிப் பெட்டிகளில்.
இருக்கையில் வைக்கக் கூடாது. இருக்கை சாய்வானது,
நமக்குத் தெரியாது, கேக்குக்குத் தெரியும்.
தரையில், ரப்பர் விரிப்பின் மேல்,
பக்கத்தில் கொத்தனாரின் ரசமட்டம்.
தூக்கும்போது, இவ்வளவு பெரியதற்கு
எடை குறைவாயிருக்கிறதே என்று தோன்றியது.
கேட்கவில்லை.

ஜனவரிக் குளிர். ஏ.சி.யை முழுதாகத் திருப்பினோம்.
எனக்கு இரண்டு ஸ்வெட்டர். அவள் கம்பளி போர்த்தி
பின்னால் தரையில். பெட்டியைத் தொடவில்லை,
தொட்டால் தன் நடுக்கம் அதற்கும் ஒட்டிக்கொள்ளுமாம்.
தடை ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னேன்.
"ஏழு."
முன்சக்கரம் ஏறும். இறங்கும்.
"ஏழு, பின்சக்கரம்."
எங்களுக்குப் பின்னே பஸ், லாரி,
பன்றிக்குட்டிகள் ஏற்றிய வண்டி,
எல்லாம் ஆரன் அடித்தபடி ஊர்வலம் வந்தன.

பதினெட்டில் மூடுபனி.
பத்தொன்பதைக் காணவில்லை.
கண்டபோது அதன் மேல் இருந்தோம்.

வேன் குதித்தது.
பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியென்றால் சொல்லியிருக்கும்.

ஓரங்கட்டிக் கதவைத் திறந்தேன்.
ரசமட்டத்தின் குமிழி அங்குமிங்கும் அலைந்து
நடுவுக்கு வந்து நின்றது.
மூன்றாம் அடுக்கின் முதுகில் மட்டும்
கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.
அவள் கிரீம் பையைப் பிழிந்தாள்,
விரிசல் மேல் ஒரு ரோஜா.
ஒன்று தனியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று
பக்கத்தில் இரண்டு மொட்டு.
பிறகு பனியைப் பார்த்தபடி சொன்னாள்:
"அடியிரண்டும் தெர்மோகோல்.
எடைக்கு ஒரு தரையோடு ஒட்டியிருக்கிறேன்.
அம்மாக்காரி ஆப்பிள் பெட்டி கட்டுகிறவள்,
மூன்றுக்குத்தான் காசு.
பெண்ணுக்குத் தெரியாது."

மீதி எட்டுத் தடைகளையும்
தெர்மோகோலுக்கும் சேர்த்தே மெதுவாகக் கடந்தேன்.

மண்டபத்தில் ஐந்தும் ஏறி நின்றபோது
யாரிட்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.
மூன்றாம் அடுக்கில் ஒரு வெள்ளிச் சர்க்கரை முத்து:
கத்தி இறங்க வேண்டிய இடம்.
தாய் பிரிஹிதா அதை ஒருமுறை பார்த்தாள், எர்மெலிந்தாவை ஒருமுறை.

பியூப்லாவிலிருந்து வந்திருந்த மாமா, நல்ல போதை,
பெரிய கத்தியோடு எழுந்தார்:
"பெரியதில் ஆரம்பிப்போம்!"
குனிந்தார். கத்தி நுனி
கீழடுக்கின் கிரீமைத் தொட்டேவிட்டது.

அதுவரை நாற்காலியை விட்டு அசையாத பிரிஹிதா
அவர் மணிக்கட்டைப் பிடித்து,
கத்தியை வாங்கி என் கையில் திணித்து,
அவரை ஆட இழுத்துப் போனாள்.
மூன்று பாட்டு ஆடினாள்.
மாமாவுக்குக் கேக் மறந்துபோனது.
கத்தியோடு நின்ற என்னைப் படம் எடுத்தார்கள்.

நள்ளிரவில் பிரித்துக் கழுவிக் குச்சிகளை எண்ணினோம்.
போனது பதினொன்று, வந்தது பத்து.
ஒரு சிறுவன் நாற்காலி முதுகில்
தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.
எர்மெலிந்தா பார்த்தாள், விட்டுவிட்டாள்.

திரும்பும்போது தடைகளை நான் எண்ணவில்லை.
பின்னால் இரண்டு வெள்ளை வட்டங்கள்
இஷ்டத்துக்கு உருண்டு முட்டிக்கொண்டன.
அவள் முன்சீட்டில், வாயைத் திறந்தபடி, தூக்கம்.